கோவில்பட்டியில் விண்டோஸை மாற்றியது யார்?

2025 தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தேன். சித்தப்பா வேலை பார்க்கிற தீப்பெட்டி ஆபீசுக்கு முறுக்கு டப்பாவோட போனா, உட்காரக்கூட விடாம கணக்குப்பிள்ளை அண்ணாச்சி பிடிச்சுக்கிட்டார்.

"தம்பி, விண்டோஸ் பத்து இந்த மாசம் 14-ஆம் தேதியோட முடிஞ்சு போச்சாமே? இன்னைக்கும் ஓடிக்கிட்டுதானப்பா இருக்கு?"

"ஓடும் அண்ணாச்சி. ஆனா பாதுகாப்பு அப்டேட் வராது. திருடன் வந்தா பூட்டு தாங்காது, அவ்வளவுதான்."

"அப்ப பதினொண்ணைப் போட்டு விட்டுட்டுப் போயேன்."

போட முடியாது. அந்தக் கணினி 2017-இல் வாங்கியது. இன்டெல் ஏழாம் தலைமுறைச் சிப். விண்டோஸ் 11 எட்டாம் தலைமுறையிலிருந்துதான் முறையா ஏத்துக்கும். இதைச் சொன்னதும் அண்ணாச்சி சிரிச்சார். "அன்னைக்கு நீ புதுசு போடுறேன்னு வந்து லாரியை நிறுத்தின. இன்னைக்குப் புதுசு வேணும்னு நான் கேட்டா முடியாதுங்கிற. உங்க படிப்பு என்ன படிப்போ!"

லாரிக் கதையை மனுஷன் ஒன்பது வருஷமா மறக்கலை. நானும்தான். பெங்களூருக்குத் திரும்புற ரயில்ல உட்கார்ந்து யோசிச்சப்ப, அந்த ஒரு ஆபீசோட கணினி வரலாற்றை எழுதினாலே நம்ம கரிசல் ஊர்கள்ல ஒரு தொழில் எப்படி பழைய விண்டோசுக்கும் புது விண்டோசுக்கும் நடுவுல கிடந்து அல்லாடுச்சுங்கிறது விளங்கும்னு தோணுச்சு. அதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்தருள்க.

டாஸ் காலம்

சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய் தீப்பெட்டித் தொழில் கத்துக்கிட்டு வந்தது 1920-களின் தொடக்கத்தில். அதிலிருந்து சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி, கழுகுமலை, எட்டயபுரம் என்று வானம் பார்த்த இந்த பூமி முழுக்கத் தீப்பெட்டி பரவியது. மழை பெய்தால் பருத்தி, கம்பு, உளுந்து. பெய்யாவிட்டால் தீப்பெட்டி. விளைச்சலை நம்ப முடியாத மண்ணில் வாராவாரம் கூலி தந்தது இந்தத் தொழில்தான்.

அதில் கணக்கு என்பது பெரிய வேலை. சரக்கு 600 பெட்டி கொண்ட பண்டலாக வடமாநிலங்களுக்குப் போகும். பில், லாரி வாடகை, கடன் பாக்கி, மூலப்பொருள் இருப்பு, வாரக் கூலி, போனஸ்... இத்தனையும் தடித்த பேரேடுகளில் இருந்தது. 90-களில் இந்த ஊர்களுக்குக் கணினி வந்தபோது அதன் முதல் வேலையே இந்தப் பேரேட்டைத் தின்பதுதான்.

அப்போது சிறு தொழில்களுக்கு மென்பொருள் எழுதியவர்கள் பெரும்பாலும் கையில் எடுத்தது டிபேஸ், கிளிப்பர், ஃபாக்ஸ்புரோ. ஃபாக்ஸ் நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் 1992-இல் வாங்கியது. டாஸில் ஓடும் ஃபாக்ஸ்புரோ 2.6 இந்தியா முழுக்கக் கடைக்கணக்கின் ஆதாரமாக இருந்தது. கருப்புத் திரை, நீலக் கட்டங்கள், மவுஸ் தேவையில்லை. எஃப்2 தட்டினால் பில், எஃப்5 தட்டினால் பாக்கி. எங்கள் ஆபீசிலும் அதுதான். மதுரையிலிருந்து ஒருவர் வந்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாராம். அவர் இப்போது எங்கே என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அவர் எழுதிய நிரல் 20 வருஷம் உழைத்தது.

இந்த நிரல்களுக்கு ஒரு குணம் உண்டு. பிரிண்டரிடம் விண்டோஸ் வழியாகப் பேசாது. நேராக எல்பிடி1 என்கிற இணைப்புக்கே எழுத்தை அனுப்பிவிடும். அந்த முனையில் கரகரவென்று டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். கார்பன் வைத்து மூணு காப்பி ஒரே அடியில் வரும். லாரிக்காரருக்கு ஒண்ணு, வாங்குபவருக்கு ஒண்ணு, ஆபீசுக்கு ஒண்ணு. லேசர் பிரிண்டர் எவ்வளவு அழகாக அடித்தாலும் மூணு காப்பியை ஒரே அடியில் தராது என்பதைக் கவனிக்கவும். புதுசு வந்தும் பழசு ஏன் போகவில்லை என்பதற்கு இது முதல் காரணம்.

விண்டோஸ் 98 வந்தபோது யாருக்கும் சிரமம் இல்லை. அதன் அடியில் டாஸ்தான் இருந்தது. 2001 அக்டோபரில் எக்ஸ்பி வெளியானது. அது என்டி வம்சம், அடியில் டாஸ் கிடையாது. ஆனால் பழைய நிரல்களுக்காக என்டிவிடிஎம் என்று ஒரு பொய் டாஸை உள்ளே வைத்திருந்தார்கள். நிரல் தான் டாஸில்தான் இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு ஓடும். இந்தப் பொய்யால்தான் அடுத்த 15 வருஷம் எத்தனையோ கடைகள் பில் போட்டன.

2007 ஜனவரி: இரண்டு வெளியீடுகள்

இப்போ தலைப்புக்கு வருவோம். விண்டோஸ் 98-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை முடித்தது 2006 ஜூலை 11. ஊரில் அந்தத் தேதியைக் கேள்விப்பட்டவர் எத்தனை பேர்? ஒருத்தர்கூட இருந்திருக்க மாட்டார் என்று அண்ணாச்சி சத்தியம் பண்ணுகிறார். ஆனால் 2007 ஜனவரி 1 அவருக்கு நன்றாக நினைவிருக்கிறது. அன்றுதான் தமிழ்நாட்டில் வாட் வரி வந்தது. பெரும்பாலான மாநிலங்கள் 2005 ஏப்ரலிலேயே மாறிவிட்டன, நாம் கொஞ்சம் தாமதம்.

வாட் என்றால் வாங்கியபோது கட்டிய வரியை, விற்கும்போது கட்டும் வரியில் கழித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு கொள்முதல் பில்லும் கணக்கில் ஏற வேண்டும். அதுவரை டாலி, கீலி என்று கிண்டல் பண்ணிக்கொண்டிருந்த ஆபீஸ்களெல்லாம் ராத்திரியோடு ராத்திரியாக டாலி வாங்கின. விண்டோஸ் 98-இல் திணறிய ஆபீஸ்கள் எக்ஸ்பி கணினி வாங்கின.

அதே மாதம் 30-ஆம் தேதி உலகம் முழுக்க ஆரவாரமாக வெளியானது விண்டோஸ் விஸ்டா. ஒரே மாதத்தில் இரண்டு வெளியீடுகள். ஒன்று சென்னைக் கோட்டையிலிருந்து, இன்னொன்று ரெட்மண்டிலிருந்து. ஊர் முதலாவதுக்குத் தலைகீழாக மாறியது. இரண்டாவதை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

ஏன் பார்க்கவில்லை? எக்ஸ்பி 128 எம்பி நினைவகத்தில் நடமாடும். விஸ்டாவுக்குக் குறைந்தது 512 எம்பி, அதன் கண்ணாடி ஜன்னல் வித்தையெல்லாம் வேண்டுமென்றால் 1 ஜிபி. பழைய பிரிண்டருக்கு டிரைவர் கிடைக்காது. மென்பொருள் பூட்டாகக் கணினியின் பின்னால் சொருகும் டாங்கிளுக்கு டிரைவர் கிடைக்காது. டாஸ் நிரலை முழுத் திரையில் விரிக்கவும் முடியாது, விஸ்டாவின் புது டிஸ்பிளே டிரைவர் முறை அதற்கு இடம் தரவில்லை. அண்ணாச்சி மாதிரி கண்ணாடி போட்டவருக்கு ஒரு சின்ன ஜன்னலுக்குள் பில் போடுவது என்ன வேதனை என்று நினைத்துப் பாருங்கள்.

இது கோவில்பட்டியின் பிற்போக்கு ஒண்ணும் இல்லை. அமெரிக்க, ஐரோப்பியக் கம்பெனிகளும் அதையேதான் செய்தன. விஸ்டா பிசினஸ், விஸ்டா அல்டிமேட் உரிமத்தோடு கணினி வாங்கியவர் அதை எக்ஸ்பி புரொஃபஷனலுக்கு இறக்கிக்கொள்ளலாம் என்று உரிம ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது. இதற்குப் பெயரே டவுன்கிரேடு உரிமை. கணினி விற்ற பெரிய கம்பெனிகள் எக்ஸ்பியைப் போட்டே அனுப்பின, பெட்டிக்குள் விஸ்டா சிடி சும்மா கிடந்தது. அதாவது புதுசுக்குக் காசு கொடுத்துப் பழசை வாங்குவது. எக்ஸ்பி விற்பனையை 2008 ஜனவரியில் முடிப்பதாக இருந்தவர்கள் வாடிக்கையாளர் போட்ட சத்தத்தில் ஜூன் 30 வரை நீட்டித்தார்கள்.

2009-இல் விண்டோஸ் 7 வந்தபோது மைக்ரோசாஃப்ட் இன்னும் ஒரு படி இறங்கியது. புரொஃபஷனல் பதிப்புக்கு எக்ஸ்பி மோடு என்று இலவசமாக ஒன்று கொடுத்தார்கள். விண்டோஸ் 7-க்குள் ஒரு முழு எக்ஸ்பி ஓடும். வீட்டுக்குப் புது மருமகள் வந்தாலும் அடுப்படிச் சாவி மாமியாரிடமே இருக்கிற மாதிரி :-)

நம்ம ஊரில் இந்த உரிமையெல்லாம் படித்துப் பார்த்து யாரும் இறக்கவில்லை. அசெம்பிள் பண்ணின கணினி, யாரோ எரித்துக் கொடுத்த சிடி. உரிமம் என்ற பேச்சே கிடையாது. காசு கொடுத்தவனும் கொடுக்காதவனும் ஒரே முடிவுக்கு வந்தார்கள் என்பதுதான் வேடிக்கை.

லினக்ஸ் வழியும் இருந்தது

அதே 2007 வாக்கில் தமிழ்நாட்டில் வேறொரு முயற்சியும் நடந்தது. எல்காட்டின் நிர்வாக இயக்குநராக இருந்த சி. உமாசங்கர் ஐ.ஏ.எஸ். அந்த நிறுவனத்தின் கணினிகளை சூசே லினக்ஸுக்கும் ஓபன் ஆபீசுக்கும் மாற்றினார். அரசு வாங்கும் கணினிகளிலும் லினக்ஸ் வர வேண்டும் என்று நின்றார். புதுசா பழசா என்கிற சண்டையிலிருந்தே வெளியேறிவிடும் வழி அது. 2011 செப்டம்பரில் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது. எங்களுக்கு முந்தின செட் அண்ணன்கள் அந்த மடிக்கணினியைத் திறந்ததும் செய்த முதல் வேலை லினக்ஸை அழித்துப் படம் வைக்க இடம் பண்ணியதுதான். என்னத்தச் சொல்ல!

ஜெர்மனியின் மியூனிக் நகராட்சியும் பத்து வருஷம் போல பாடுபட்டு லினக்ஸுக்கு மாறிவிட்டு, 2017-இல் விண்டோசுக்கே திரும்புவதாக முடிவெடுத்தது. அங்கேயே அப்படி என்றால், டாலியும் டாங்கிளும் விண்டோஸை விட்டு நகராத ஒரு தீப்பெட்டி ஆபீசை எதைச் சொல்லி மாற்றுவது?

லாரி நின்ற கதை

2014 ஏப்ரல் 8. எக்ஸ்பிக்கு ஆதரவு முடிந்தது. ஊரில் ஒண்ணும் நடக்கவில்லை. ஊரில் என்ன, வங்கிகளிலேயே ஒண்ணும் நடக்கவில்லை. நாம் பணம் எடுத்த ஏடிஎம்களில் ஏகப்பட்டவை எக்ஸ்பியில் ஓடின. ரிசர்வ் வங்கி பொறுத்துப் பார்த்துவிட்டு 2018 ஜூன் 21-இல் ஒரு சுற்றறிக்கை போட்டது. ஆதரவு முடிந்த இயங்குதளத்தில் ஓடும் ஏடிஎம்களில் 25 சதவீதத்தை அந்த செப்டம்பருக்குள், 50-ஐ டிசம்பருக்குள், 75-ஐ 2019 மார்ச்சுக்குள், மீதி அத்தனையையும் 2019 ஜூனுக்குள் மாற்றியாக வேண்டும் என்று. எக்ஸ்பி செத்து நாலு வருஷம் கழித்து வந்த கெடு அது!

எங்கள் ஆபீசில் பிரச்சினை வேறு பக்கத்திலிருந்து வந்தது. 2016 ஏப்ரலில் குரோம் எக்ஸ்பியைக் கைவிட்டது. வங்கித் தளங்கள் மெல்ல முரண்டு பிடிக்க ஆரம்பித்தன. நான் அப்போது இன்ஜினியரிங் மாணவன். மே மாத லீவில் ஊருக்கு வந்தவன், "நான் விண்டோஸ் 7 போட்டுத் தர்றேன்" என்று வாயைக் கொடுத்தேன்.

கணினி 2009-இல் வாங்கியது. 64 பிட் தாங்கும். 64 பிட் என்றால் 32-ஐ விடப் பெரிசுதானே, அதையே போடுவோம் என்று போட்டேன். இணையத்தில் யாரோ சொன்னார்கள் என்று பயாஸில் ஹார்டு டிஸ்க் முறையை ஐடிஇ-யிலிருந்து ஏஹெச்சிஐ-க்கு மாற்றினேன். கணக்கு ஃபோல்டரையும் ஆவணங்களையும் பென் டிரைவில் எடுத்துவைத்துவிட்டுத்தான் ஃபார்மட் பண்ணினேன், அவ்வளவு முட்டாள் இல்லை. மத்தியானத்துக்குள் விண்டோஸ் 7 பளபளவென்று வந்துவிட்டது. அண்ணாச்சி டீ வாங்கிக் கொடுத்தார்.

சாயந்திரம் லாரி வந்தது. பில் போட நிரலைத் திறந்தால், இந்த நிரல் உங்கள் விண்டோஸுக்குப் பொருந்தாது என்று ஒரு பெட்டி வந்து நின்றது.

பிறகு படித்துத் தெரிந்துகொண்டது இது. 64 பிட் நிலையில் ஓடும் சிப்பில், பழைய டாஸ் நிரல்களை ஓட்டித்தந்த வெர்ச்சுவல் 8086 என்கிற வசதி கிடையாது. அதனால் மைக்ரோசாஃப்ட் 64 பிட் விண்டோஸ் எதிலும் அந்தப் பொய் டாஸை வைக்கவே இல்லை. 32 பிட் விண்டோஸ் 7 போட்டிருந்தால் நிரல் ஓடியிருக்கும். இந்த ஒரு வரி எனக்குத் தெரியாததால் லாரி நின்றது.

எக்ஸ்பிக்கே திரும்பிவிடலாம் என்று சிடியைப் போட்டால் நீலத்திரை. ஏஹெச்சிஐ-யில் இருக்கும் டிஸ்க்கை எக்ஸ்பி சிடிக்கு அடையாளம் தெரியாது. அதுவும் நானே வைத்த வினை. அதைக் கண்டுபிடித்து ஐடிஇ-க்கு மாற்ற ராத்திரி ஒன்பது மணி. எக்ஸ்பி ஏறி, நெட்வொர்க் டிரைவர், பிரிண்டர் எல்லாம் வந்து பில் அடித்தபோது பன்னிரண்டரை. அதற்குள் அண்ணாச்சி கையாலேயே பில் எழுதி லாரியை அனுப்பிவிட்டார். நாலு மணி நேரம் காத்திருந்த டிரைவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கே... விடுங்க.

அன்றைக்கு டவுன்கிரேடு உரிமை என்பதன் அர்த்தம் புரிந்தது. அது சோம்பேறிகளின் சலுகை இல்லை. தொழில் நடத்துகிறவனுக்கு இயங்குதளம் என்பது கணக்குக்கும் பிரிண்டருக்கும் நடுவில் இருக்கிற ஒரு பலகை. பலகை புதுசா பழசா என்று அவன் பார்ப்பதில்லை. சரக்கு ஏறுதா என்றுதான் பார்ப்பான்.

2017: மறுபடியும் வரி

2017 மே 12-இல் வன்னாக்ரை வைரஸ் உலகைக் கலக்கியது. இங்கிலாந்தில் மருத்துவமனைகள் முடங்கின. ஆதரவு முடிந்து மூணு வருஷமான எக்ஸ்பிக்கும் மைக்ரோசாஃப்ட் அவசரமாக ஒரு திருத்தம் வெளியிட்டது. பலரும் எக்ஸ்பிதான் காரணம் என்று நினைத்தார்கள். உண்மையில் அதிகம் பாதிக்கப்பட்டவை அப்டேட் போடாத விண்டோஸ் 7 கணினிகள். புது வீடு கட்டிவிட்டுக் கதவைத் திறந்து போட்டவர்கள்.

நான் பதறிப்போய் ஆபீசுக்குப் போன் போட்டு நெட் வயரைப் பிடுங்கச் சொன்னேன். புதுக் கணினி வாங்கச் சொன்னேன். "பார்க்கலாம் தம்பி" என்றார் அண்ணாச்சி.

ஏழே வாரத்தில், 2017 ஜூலை 1, ஜிஎஸ்டி வந்தது. மறு வாரம் புதுக் கணினி வந்துவிட்டது!

உலகத்தையே உலுக்கின வைரசால் முடியாததை ஒரு வரிச்சட்டம் முடித்துக் காட்டியது. பில்லில் ஹெச்எஸ்என் எண் வேண்டும், மாநில வரி, மத்திய வரி தனித்தனியாக வேண்டும், வெளிமாநிலம் என்றால் ஒருங்கிணைந்த வரி. மதுரைக்காரர் எழுதிய டாஸ் நிரலில் இதற்கெல்லாம் கட்டம் இல்லை, போட்டுத்தர ஆளும் இல்லை. தீப்பெட்டிக்குக் கையால் செய்தால் 5 சதவீதம், மற்றதற்கு 18 சதவீதம் என்று இரண்டு வரி. 2020 ஏப்ரல் 1-இல் அதை மாற்றி எல்லாவற்றுக்கும் 12 என்றார்கள். 2018 ஏப்ரல் 1 முதல் 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு மாநிலம் தாண்டினால் இணையத்தில் இ-வே பில் எடுத்தாக வேண்டும். அது இல்லாமல் லாரி நகராது. இ-வே பில்லுக்கு நல்ல பிரவுசர் வேண்டும், பிரவுசருக்குப் புது விண்டோஸ் வேண்டும்.

அதே லாரிதான். 2016-இல் புது விண்டோஸ் போட்டதால் நின்றது. 2018-இல் பழைய விண்டோஸ் வைத்திருந்தால் நின்றிருக்கும்.

எங்கள் ஆபீசில் விண்டோஸ் மாறிய இரண்டு தடவையும் தள்ளியது வரி. மாறாமல் இருந்த வருஷங்களில் எல்லாம் இழுத்துப் பிடித்தது பிரிண்டரும் பழைய கணக்கும். விற்கிற கம்பெனியின் காலண்டர் இதில் எங்கேயும் வரவில்லை. இப்போதுதான், 2025-இல்தான், முதல் தடவையாக அந்தக் காலண்டர் எங்கள் ஆபீஸ் வாசல் வரை வந்திருக்கிறது. விண்டோஸ் 10-ஐ விட மனசில்லாத நிறுவனங்கள் கணினிக்கு முதல் வருஷம் 61 டாலர் கட்டி நீட்டித்துக்கொள்ளலாம், ஒவ்வொரு வருஷமும் இருமடங்காகும், மூணு வருஷம்தான். விண்டோஸ் 11-இல் 32 பிட் பதிப்பே கிடையாது. அந்தப் பொய் டாஸின் கதையும் அதோடு முடிகிறது.

எழுத்தாய்த் தெரியாத பெயர்

இத்தோடு பதிவை முடித்திருப்பேன். ஆனால் அன்று ஆபீசில் நான் இருக்கும்போதே ஒரு அக்கா வந்தார். ரொம்ப வருஷம் அங்கே பெட்டி அடைக்கும் வேலை பார்த்தவராம். பிஎஃப் ஓய்வூதியத்துக்குப் பத்து வருஷ சர்வீஸ் வேண்டும். இவர் எந்த வருஷம் சேர்ந்தார் என்பதில் ஏதோ குழப்பம். "பழைய கணக்குல என் பேரு இருக்குமே அண்ணாச்சி, பார்த்து ஒரு தாள் குடுங்க" என்றார்.

பழைய ஆள் பட்டியல் வேர்டு ஃபைலாக இருந்தது. 98 காலத்துக் கணினியில் தமிழில் தட்டியது, அங்கிருந்து எக்ஸ்பிக்கு வந்து, 2016-இல் என் பென் டிரைவில் ஏறி இறங்கி, இப்போது விண்டோஸ் 10-இல். திறந்தால் பக்கம் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குப்பை. தமிழ் ஒரு எழுத்து இல்லை.

வலைப்பதிவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. யூனிகோடுக்கு முன்னால் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை ஒட்டிவைத்த எழுத்துருக்கள்தான். ஃபான்ட் இருந்தால் தமிழ், இல்லாவிட்டால் குப்பை. 1999-இல் தமிழ்நெட்99 மாநாட்டுக்குப் பின் அரசு டேம், டேப் என்று தரம் வகுத்தது. ஆனாலும் டிடிபி கடைக்கு ஒன்று, ஊருக்கு ஒன்று என்றுதான் ஓடியது. விண்டோஸ் 2000-இல்தான் யூனிகோடு தமிழ் வந்தது. எக்ஸ்பியிலும் அதைத் தனியாகச் செட்டிங்கில் போய் இயக்க வேண்டியிருந்தது.

2016-இல் நான் ஆவணங்களை எடுத்துவைத்தேன், சரி. ஃபான்ட் ஃபோல்டரை எடுத்துவைத்தேனா? இல்லை. ஃபார்மட்டில் அது போய்விட்டது. டாஸ் நிரல் ஓடாத தப்பு அன்று ராத்திரியே தெரிந்தது, சரிபண்ணினேன். இந்தத் தப்பு ஒன்பது வருஷம் சத்தமில்லாமல் கிடந்து, ஒரு அக்காவின் முன்னால் எழுந்து நின்றது.

காப்பாற்றியது நம்ம ஆட்கள்தான். சுரதாவின் பொங்குதமிழ் மாற்றி, என்ஹெச்எம் கன்வெர்ட்டர். பழைய எழுத்துருக் குறியாக்கங்களை யூனிகோடாக மாற்ற அந்தக் காலத்திலேயே இணையத் தமிழர்கள் செய்துவைத்த கருவிகள். ஒவ்வொரு குறியாக்கமாகக் கொடுத்துப் பார்த்தேன். நாலாவது தடவை, பாமினி என்று கொடுத்ததும், குப்பை அப்படியே பெயர்களாக விரிந்தது. மாரியம்மாள்கள், காளியம்மாள்கள், சண்முகத்தாய்கள், வரிசையாக. 2003-ஆம் வருஷப் பட்டியலில் அந்த அக்கா பெயர் இருந்தது. திரையில் அவரே விரல் வைத்துக் காட்டினார். அண்ணாச்சி அதைப் பார்த்து ஒரு சான்று எழுதி, சீல் வைத்துக் கொடுத்தார்.

ஆக நான் கற்றது இவ்வளவுதான். விண்டோஸை ஏற்றலாம், இறக்கலாம், ஒரு ராத்திரி தூக்கம் போகும், அவ்வளவே. ஏற்றுகிற அவசரத்தில் கணக்கைப் படிக்க முடியாத வடிவத்தில் விட்டுவிட்டால் அதற்கு டவுன்கிரேடு உரிமை கிடையாது. கரிசல்காட்டு சம்சாரி புது விதை வாங்கினாலும் வீட்டு விதையில் ஒரு குலுக்கை மிச்சம் வைப்பார். புது விதை பொய்த்தால் அடுத்த வெள்ளாமைக்கு அது வேண்டும்.

நாலு நாள் லீவில் மூணு நாள் இதற்கே போனது. டாஸ் நிரலின் டிபிஎஃப் ஃபைல்களை லிப்ரே ஆபீசில் திறந்து எல்லாவற்றையும் சாதாரண அட்டவணைகளாக மாற்றினேன். தமிழ் ஃபைல்கள் அத்தனையும் யூனிகோடு ஆயின. இரண்டு பிரதி, ஒன்று ஆபீசில், ஒன்று சித்தப்பா வீட்டில். மூலையில் கிடக்கும் எக்ஸ்பி பெட்டியை நெட் இல்லாமல் அப்படியே விட்டுவைத்திருக்கிறோம், டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரோடு.

கிளம்பும்போது அண்ணாச்சி கேட்டார், "அப்ப பதினொண்ணு எப்பப்பா போடுறது?"

"அடுத்த வரி எப்ப மாறுதோ, அப்ப அண்ணாச்சி."

டிஸ்கி: உங்கள் ஊர் ஆபீஸ்களில், அச்சகங்களில் பழைய ஃபான்ட்டில் தட்டின ஃபைல் ஏதாவது கிடந்தால், கணினியை ஃபார்மட் பண்ணும் முன் தயவுசெய்து ஃபான்ட் ஃபோல்டரையும் எடுத்துவையுங்கள். யாரோ ஒரு அக்கா எப்போதாவது வந்து கேட்பார்.